மஞ்சள் புடவை கட்டியது குற்றமா?

கேள்வி:

எனக்கு 47 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊர். தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். என் கணவர் மாரடைப்பில் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரே மகன், 23 வயது, சென்னையில் வேலை.

தை மாதம் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அவளைத் தூக்கி வளர்த்த அத்தை நான். இத்தனை நாள் சாம்பல், பழுப்பு என்றே கட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டுப்புடவை கட்டினேன். என் கணவர் எடுத்துக் கொடுத்தது. சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. கல்யாணப் பெண்ணே "வச்சுக்கோங்க அத்தை" என்று கொஞ்சம் மல்லிகை வைத்துவிட்டாள். ஆரத்தி எடுக்கும்போது தட்டைத் தொடப் போனேன். ஒரு பெரியம்மா "நீ இரும்மா" என்று வாங்கிக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த போட்டோவை யாரோ என் கணவர் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். "அண்ணன் போய் ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள மஞ்சப் பட்டு" என்று நாத்தனார் எழுதினாள். ஓரகத்தி அதற்குக் கைகூப்பும் படம் போட்டாள். "காலம் கெட்டுக் கிடக்கு" என்று ஒருவர். "யாருக்காக இந்த அலங்காரம்னு நாம கேக்கக் கூடாது" என்று இன்னொருவர். குரூப்பில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறோம். ஒருத்தர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. ராத்திரி மகன் போன் செய்து, "ஏம்மா, கொஞ்சம் சிம்பிளா போயிருக்கலாம்ல" என்றான். அப்போதுதான் அழுதேன்.

ஆவணியில் நாத்தனார் மகன் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. பழைய சாம்பல் புடவையையே கட்டிக்கொண்டு போய்விடவா? குரூப்பில் பதில் எழுதவா, வெளியேறிவிடவா? நான் செய்தது தப்பா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்ததில் தப்பே இல்லை. சும்மா ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதையே வேலையாக வைத்திருக்கும் மனநல ஆலோசகராகச் சொல்கிறேன்.

துக்கம் எப்போது சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகிறது என்று எங்கள் துறையில் வரையறை உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், நீடித்த துக்கம் ஒரு தனிக் கோளாறாக இடம் பெற்றிருக்கிறது. இறப்பு நடந்து குறைந்தது 6 மாதம் ஆன பிறகும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் தாண்டி, ஒருவரால் அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பவே முடியவில்லை என்றால் கவனிக்க வேண்டும் என்கிறது அது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, பெரியவர்களுக்கு இந்தக் காலத்தை ஒரு வருஷம் என்று வைத்திருக்கிறது. உறவுகளோடு ஒட்ட முடிகிறதா, எதிலாவது மறுபடி ஆசை வருகிறதா என்றுதான் நாங்கள் கேட்போம். ஒன்றரை வருஷம் சாம்பல் நிறத்திலேயே இருந்த ஒருவருக்கு, தான் வளர்த்த பெண்ணின் கல்யாணத்தன்று பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை எடுக்கத் தோன்றியிருக்கிறது. என் அறையில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் நான் மனசாரச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

துக்கம் ஒரே நேர்க்கோட்டில் குறைந்துகொண்டே போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள். இழப்பை நினைத்து அழுவது ஒரு பக்கம், வேலை, வீடு, கல்யாணம், காட்சி என்று வாழ்க்கையைக் கட்டிக்கொள்வது இன்னொரு பக்கம். மனித மனம் இந்த இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வருகிறது, அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியமானது என்றார்கள். காலையில் அவர் போட்டோ முன்னால் நின்று கண் கலங்கிய அதே கையால், பத்து மணிக்குக் கொசுவம் மடித்துக் கட்டுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. நீங்கள் மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முன் அழுதீர்களா என்று எனக்குத் தெரியாது. அழுதிருந்தாலும் அழாமல் இருந்தாலும் அது உங்கள் சொந்த விஷயம். அதைக் குரூப்பில் நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஆனால் அவர்கள் கேட்பது அந்த நிரூபணத்தைத்தான். துக்கம் உள்ளே இருந்தால் போதாது, ஊர் பார்க்கும்படி உடம்பில் போட்டுக்கொண்டு திரிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதிலும் பெண்ணிடம் மட்டும். மனைவியை இழந்த ஐம்பது வயது ஆண், மகளின் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி சட்டை போட்டு, சந்தனம் பூசி, வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றால் "பாவம், மனசைத் திடப்படுத்திக்கிட்டு நிக்கிறாரு" என்று சொல்வோம். கருமாதி முடிந்து ஆறு மாதத்தில் "துணைக்கு ஒரு ஆள் வேணாமா" என்று பெண் பார்க்கவும் ஆரம்பித்துவிடுவோம். அவர் சட்டையின் நிறத்தை வைத்து அவர் மனைவிமேல் வைத்திருந்த பாசத்தை யாரும் அளப்பதில்லை.

இனி அந்த குரூப்பில் எழுதியவர்களுக்கு வருகிறேன். அவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

நாத்தனார் எழுதியது கொடுமையான வாக்கியம்தான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: "அண்ணன் போய்." அவர் இழந்தது கூடப் பிறந்த அண்ணனை. நம் ஊரில் அண்ணனை இழந்த தங்கச்சிக்கு என்ன இடம் இருக்கிறது? பதினாறாம் நாளோடு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆறுதல் எல்லாம் மனைவிக்கும் பிள்ளைக்கும். தங்கச்சியை யாரும் "எப்படி இருக்க" என்று கேட்பதில்லை. அப்படி இருக்கும்போது, அண்ணி சாம்பல் புடவையில் இருக்கும்வரை அண்ணன் நினைவு அந்த வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று அவர் மனம் நம்பியிருக்கலாம். மஞ்சளைப் பார்த்ததும் "எல்லாரும் மறந்துட்டாங்க" என்று பதறியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் இந்த மாதிரிக் குடும்பச் சண்டைகளில் பெரும்பாலும் இதுதான் அடியில் கிடக்கிறது. நாத்தனாரிடம் நீங்கள் பேச முடியும், பேசவும் வேண்டும்.

"யாருக்காக இந்த அலங்காரம்" என்று எழுதியவரின் விஷயம் வேறு. அங்கே துக்கம் எதுவும் இல்லை. ஒரு பெண் பூ வைத்தால் அது யாரோ ஓர் ஆண் பார்ப்பதற்காகத்தான் என்ற அழுக்கு எண்ணமும், "கேக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கேட்டுவிடும் கோழைத்தனமும்தான் இருக்கிறது. அவருக்கு நீங்கள் எந்த விளக்கமும் தர வேண்டாம். இதே ஆள் இதைத் தொடர்ந்தால், ஆபாசமாக எழுதினால், உங்கள் படத்தை வேறு இடங்களில் பரப்பினால், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசுங்கள். பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசுவதும் நடந்துகொள்வதும் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இப்போதைக்கு அந்த அளவுக்குப் போக வேண்டிய நிலை இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள்.

"காலம் கெட்டுக் கிடக்கு" என்றவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் காலம் கெடாமல் இருந்தது என்று அவர் நினைக்கிறார்? தமிழ்நாட்டில் கணவரை இழந்த பெண்ணுக்கு எல்லாச் சாதியிலும், எல்லா ஊரிலும் ஒரே வழக்கம் இருந்ததே இல்லை. சில சமூகங்களில் மொட்டையும் வெள்ளைப் புடவையும் என்று ஒடுக்கினார்கள். வேறு பல சமூகங்களில் அறுத்துக் கட்டுவது, அதாவது மறுமணம், சர்வ சாதாரணமாக நடந்திருக்கிறது. கருமாதியன்று பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிப் புடவைகூடச் சில வீடுகளில் வெள்ளை, சில வீடுகளில் கலர். கைம்பெண் மறுமணம் 1856லேயே சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது. சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்த சகோதரி சுப்பலட்சுமி 1911இல் பட்டம் வாங்கினார். மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸில் தன்னைப் போன்ற இளம் பெண்களைத் தங்க வைத்துப் படிக்க வைத்தார். நம் மாநிலத்தில் மறுமணத்துக்கு அரசே உதவித்தொகை கொடுக்கும் திட்டம் 1975இல் வந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக இந்த வழக்கத்தை ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் போட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறது. நீங்கள் வெள்ளைக்குப் பதில் சாம்பல் கட்ட முடிந்ததே அதனால்தான்.

அந்த ஆரத்தித் தட்டு விஷயத்தை "அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்குக் கடக்க முடியவில்லை. வளர்த்த அத்தையின் கை பட்டால் அந்தப் பெண்ணுக்குக் கெட்டது நடக்கும் என்று ஒருவர் நம்புகிறார், அதைச் சபையில் உங்கள் கையிலிருந்தே பிடுங்கிக் காட்டுகிறார். குரூப்பில் வந்த வார்த்தைகளைவிட இது ஆழமான காயம். 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. கோயில் பூசாரியாக இருந்த கணவர் இறந்துவிட்டார் என்பதால், அவர் மனைவி கோயிலுக்குள் வரக் கூடாது என்று தடுத்தார்கள். பெண்ணுக்கு என்று தனி அடையாளமும் மதிப்பும் இருக்கிறது, கணவர் இருக்கிறாரா இல்லையா என்பதை வைத்து அதைக் குறைக்க முடியாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொன்னார். அதற்கு முந்தைய வருஷம் மே மாதத்தில், மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம், கணவர் இறந்ததும் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியைக் கழற்றுவது எல்லாவற்றையும் நிறுத்துவதாகக் கிராம சபையில் தீர்மானம் போட்டது. மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றச் சொல்லி மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு கிராமம் கூடிப் பேசி மாற்ற முடிந்த விஷயம் இது. தெய்வக் கட்டளை ஒன்றுமில்லை.

சரி, குரூப்பில் என்ன செய்வது?

சண்டைக்குப் பதில் எழுத வேண்டாம். அறுபது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் "நான் சொன்னது தப்பு" என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மேலும் நான்கு பேர் வந்து சேர்வார்கள். உடனே வெளியேறவும் வேண்டாம். வெளியேறினால் அதுவே அடுத்த ஒரு வாரத்துக்குப் பேச்சாகிவிடும். கொஞ்ச காலத்துக்கு மியூட்டில் போட்டு வையுங்கள். ஒன்றும் சொல்லாமல் இருக்கவே முடியவில்லை என்றால் ஒரே ஒரு முறை, "என் போட்டோவை வைத்து இங்கே பேசியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எனக்கு போன் செய்யுங்கள்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அங்கே இன்னொன்றை எழுத உங்களுக்குக் கை துடிக்கும்: "இது அவரே எடுத்துக் கொடுத்த புடவை." தயவு செய்து அதை ஒரு சமாதானமாக குரூப்பில் போடாதீர்கள். போட்டால் சிலர் மனமிரங்கி "அப்படியா, தெரியாம சொல்லிட்டோம்" என்பார்கள். ஆனால் அவர் எடுத்துக் கொடுத்தது என்றால் பரவாயில்லை என்று ஒரு புது விதி உருவாகிவிடும். அடுத்த தீபாவளிக்கு உங்கள் சம்பளத்தில் நீங்களே ஒரு பச்சைப் புடவை எடுத்தால், அதற்கு யாரிடம் அனுமதி வாங்குவீர்கள்?

நாத்தனாரிடம் மட்டும் அந்தப் புடவைக் கதையைச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், நேரில் போய். எந்த வருஷம் எடுத்தது, எந்தக் கடையில், அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் அண்ணனைப் பற்றி அவரும் பேசட்டும். "நீ எழுதினது எனக்கு ரொம்ப வலிச்சுது" என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உடனே மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே ஆளை இழந்தவர்கள் என்பது அந்தப் பேச்சில் வந்துவிட்டால், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே கணக்கையும் பாருங்கள். எதிராக எழுதியவர்கள் மூன்று பேர், கைகூப்பியவர் ஒருவர். மற்ற ஐம்பத்துச் சொச்சம் பேர் சும்மா இருந்திருக்கிறார்கள். சும்மா இருந்தவர்கள் எல்லோரும் அதை ஆமோதித்தார்கள் என்று அர்த்தமில்லை. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். அறையில் இருக்கும் எல்லோரும் கண்ணுக்குத் தெரிந்த ஒரு தவறான விடையைச் சரி என்று சொன்னால், புதிதாக வந்தவரும் பல நேரம் அதையே சொல்லிவிடுகிறார் என்று கண்டார். கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையான விடையைச் சொன்னால் போதும். அப்படி ஆமாம் போடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்களுக்கும் ஒரே ஒருவர் போதும். பிறந்த வீட்டில் அந்த ஒருவர் ஏற்கெனவே இருக்கிறாள். மேடைக்குப் போகிற நேரத்திலும் நின்று உங்கள் தலையில் பூ வைத்தாளே, உங்கள் அண்ணன் மகள். அவள் செய்தது சின்னக் காரியம் இல்லை. கணவர் வீட்டுப் பக்கமும் மனசுக்குள் உங்கள் சார்பில் இருப்பவர் யாரோ இருப்பார். பெரும்பாலும் இளையவர்களில் ஒருவர். கொழுந்தனார் பிள்ளைகளில் யாராவது இருக்கிறார்களா என்று யோசியுங்கள். அவரிடம் தனியாகப் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது மகனைப் பற்றிய வரிதான். அத்தனை பேர் எழுதியபோது வராத அழுகை, அவன் ஒரு வார்த்தை சொன்னதும் வந்திருக்கிறது. "சிம்பிளா போயிருக்கலாம்ல" என்று அவன் சொன்னதில் குற்றச்சாட்டைவிடப் பயம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இருபத்தொரு, இருபத்திரண்டு வயதில் அப்பாவை இழந்து கொள்ளி வைத்த பையன். அம்மாவை இனி தான்தான் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருக்கும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு குரூப்பில் அம்மாவைப் பற்றி வருவதைப் பார்க்கிறான். சித்தப்பா, அத்தையை எதிர்த்து எழுதத் தைரியம் இல்லை. அம்மா அடக்கமாக இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே என்று, எளிதாக மாறக்கூடிய ஒரே ஆளிடம் வந்து நிற்கிறான். புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் அது தப்பு. அதை அவனிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அவன் ஊருக்கு வரும்போது, சாப்பிட்டு முடித்த பிறகு, டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். "நான் எப்படி உடுத்தணும்னு நீ சொன்னது எனக்கு வலிச்சுது. உனக்கு என்ன பயம்னு சொல்லு" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் அவனிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை குரூப்பில் யாராவது இப்படி எழுதினால், "எங்கம்மா எதைக் கட்டணும்னு எங்கம்மா முடிவு பண்ணுவாங்க" என்று அவன் ஒரு வரி எழுத வேண்டும். மகன் எழுதும் அந்த ஒரு வரிக்கு முன்னால் மற்றவர்கள் எல்லாம் அடங்கிப்போவார்கள். நம் குடும்பங்களின் அமைப்பு அப்படி. மகன் சொன்னால்தான் எடுபடுகிறது என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் இப்போது உங்களுக்கு நிம்மதி முக்கியம்.

ஆவணிக் கல்யாணத்துக்கு என்ன கட்டுவது? சாம்பல் புடவை உங்களுக்கே பிடித்திருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். கலர் கட்டித்தான் ஆக வேண்டும் என்று நானும் உங்கள்மேல் ஒரு விதியைச் சுமத்த மாட்டேன். கணவர் போன பிறகு பூவும் பட்டும் வேண்டாம் என்று மனசார விட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் விருப்பம் அவர்களுக்கு. ஆனால் குரூப்புக்குப் பயந்து கட்டுவதாக இருந்தால் யோசியுங்கள். அன்றைக்குச் சாம்பல் கட்டினால் அடுத்த வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் அதையேதான் கட்ட வேண்டியிருக்கும். ஏனென்றால், சொன்னால் கேட்பார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், ஒரு வாரம் முன்பே புடவையை எடுத்து அயர்ன் செய்து மாட்டிவிடுங்கள். கல்யாணத்தன்று காலையில் முடிவெடுக்க உட்கார்ந்தால் பயம்தான் ஜெயிக்கும். கூட யார் வருவது, எங்கே உட்காருவது என்பதையும் முன்னாடியே பேசி வையுங்கள். மகன் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆரத்தி மாதிரி சடங்குகளில் உங்களைக் கூப்பிடுவார்களா என்பதை நாத்தனாரிடம் போகும்போதே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் மண்டபத்தில் அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்; ஆனால் அது சரியில்லை என்று அவரிடம் அமைதியாகச் சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் மகனுக்குக் கல்யாணம் வரும்போது முதல் ஆரத்தியை நீங்களே எடுங்கள்.

தூக்கம் சரியாக வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், வாழ்வதே வீண் என்று எப்போதாவது தோன்றினால், தள்ளிப்போடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

இந்தப் பதிலை உங்கள் மகனுக்கும் அனுப்புங்கள். படித்துவிட்டு அவனுக்கு ஏதாவது கேட்கத் தோன்றினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றிப் பேச அவனுக்கும் ஓர் ஆள் தேவைப்படும்.